பக்கத்து மனையில் இன்னொரு கோபுரம்

சோழிங்கநல்லூர் சந்திப்பிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில், ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த அடுக்ககம். போன வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நானும் சித்தப்பாவும் அங்கே போய் நின்றோம். சித்தப்பா விருதுநகரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் 25 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மீதிக்கு மகன் பெயரில் வங்கிக் கடன். ஐ.டி. கம்பெனிகளுக்குப் பக்கத்தில் ஒரு டூ பெட்ரூம் வீட்டை வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்பது திட்டம்.

தரகர் வருவதற்கு முன்பே தண்ணீர் லாரி வந்துவிட்டது. காவலாளி பச்சைக் குழாயை இழுத்துப் போய்த் தரைத்தொட்டிக்குள் செருகிவிட்டு வந்து, ஒரு நோட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டார். எத்தனையாவது லோடு என்று கேட்டேன்.

“இன்னைக்கு ரெண்டாவதுங்க. வெயில் காலத்துல எட்டு, ஒம்பது போகும். போர்த் தண்ணி உப்பு. செடிக்கு விட்டாலே கருகிப் போகுது.”

தரகர் வந்து ஐந்தாவது மாடிக்கு அழைத்துப் போனார். ஜன்னலைத் திறந்தார். “அந்தா தெரியுது பாருங்க சார், கண்ணாடிக் கட்டடம், அதான் கம்பெனி. பசங்க நடந்தே போய்டுவாங்க. வாடகையே உங்க லோனைக் கட்டிடும்.” அவர் காட்டிய கட்டடம் தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் இரண்டு கிரேன்கள் நின்றதும் தெரிந்தது. அவற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

“ஏப்பா, நீ ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு” என்றார் சித்தப்பா, படி இறங்கும்போது.

போட்டுப் பார்த்தேன். அது ஒரு வீட்டின் கணக்காக நிற்கவில்லை. அந்தச் சாலையின் கணக்காக விரிந்தது.

ஓ.எம்.ஆர். என்று நாம் சொல்லும் பழைய மாமல்லபுரம் சாலைக்கு அரசுப் பெயர் ராஜீவ் காந்தி சாலை. தொண்ணூறுகளின் நடுவில்கூட அதன் இரு பக்கமும் ஏரிப் பாசன வயலும், புறம்போக்கும், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய உப்பு மண்ணுமாகத்தான் கிடந்தது. துரைப்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி, நாவலூர், படூர் எல்லாம் கிராமங்கள். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்களின் பெயரைச் சேர்த்துச் செய்த பெயர் அது. அதன் பிறகு மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலை, சோழிங்கநல்லூரில் எல்காட் சிறப்புப் பொருளாதார மண்டலம், சிறுசேரியில் சிப்காட் பூங்கா என்று வரிசையாக வந்தன. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மண்டலங்களாக உள்ளே வந்தன. அலுவலகமும் அகலச் சாலையும் முதலில் வந்தன, வீடு அவற்றுக்குப் பின்னால் வந்தது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இன்னும் பல இடங்களுக்கு வந்து சேரவில்லை. இந்த வரிசைதான் வாடகைக்காக வீடு வாங்குகிறவரின் தலையெழுத்தில் பாதி.

கணக்குக்கு வருகிறேன். எண்களை எளிதாக வைத்துக்கொள்வோம். மறுவிற்பனையில் ஒரு வீடு, விலை 75 லட்சம். பத்திரமும் அதே தொகைக்கு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம்; அது 6.75 லட்சம். தரகு 1 சதவீதம், 75 ஆயிரம். பெயின்ட், அலமாரி, கீசர், மின்விசிறி என்று குடிவைக்கத் தயாராக்க 3 லட்சம். ஆக, சாவி கைக்கு வரும்போது அடக்கம் 85.5 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் உச்சவரம்பு மதிப்பில் 80 சதவீதம். எனவே கடன் 60 லட்சம், கைப்பணம் 25.5 லட்சம். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய்.

வாடகை 24,000 என்று வைத்துக்கொள்வோம். ஏன் இந்தத் தொகை என்பதைப் பிறகு சொல்கிறேன். வருடத்துக்கு 2.88 லட்சம். இதில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். சொத்து வரி, ஆள் மாறும்போதெல்லாம் சுண்ணாம்பு, குழாய் ரிப்பேர், காலி மாதத்தின் பராமரிப்புக் கட்டணம் என எல்லாமாகச் சேர்த்து வருடத்துக்கு 60 ஆயிரம் கழித்தேன். மிஞ்சுவது 2.28 லட்சம். 85.5 லட்சம் அடக்கத்தின் மேல் அது 2.7 சதவீதம்கூட இல்லை. வாடகை கடனைக் கட்டாது. கடனில் பாதியைக்கூடக் கட்டாது. மாதம் 33,000 ரூபாய் மகனின் சம்பளத்திலிருந்து போக வேண்டும்.

சித்தப்பாவை அதிகம் உலுக்கியது வேறொரு எண். பத்து வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டினால் வங்கிக்குப் போயிருக்கும் தொகை 62.5 லட்சம். அப்போதும் பாக்கி நிற்பது 42 லட்சம். முதல் வருடத்தில் கட்டும் 6.25 லட்சத்தில் 5.05 லட்சம் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது ஒன்றே கால் லட்சத்துக்கும் கீழே.

“பாதிக் காலம் கட்டினா பாதிக் கடன் தீராதா?” என்றார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

பத்தாவது வருடம் வீட்டை விற்பதாக வைத்துக்கொள்வோம். வாடகையும் செலவும் வருடம் 5 சதவீதம் ஏறுகின்றன என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டேன். கையிலிருந்து போட்ட பணம் போட்டபடி திரும்பி வரவே வீடு 1.01 கோடிக்கு விலைபோக வேண்டும். அதாவது விலை ஆண்டுக்கு 3 சதவீதம் ஏற வேண்டும். அந்தப் பணத்தை 7 சதவீத வைப்பில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை எட்ட வேண்டுமானால் விற்பனை விலை 1.40 கோடி, ஏற்றம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறரை சதவீதம். விற்கும்போது கொடுக்கும் தரகும் மூலதன ஆதாய வரியும் இதில் சேரவில்லை. அந்த வரி 2024 ஜூலைக்குப் பிறகு வாங்கிய வீடுகளுக்கு 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை அவற்றுக்குக் கிடையாது.

வருமான வரியில் கிடைக்குமே என்பார்கள். ஓரளவு கிடைத்தது, பழைய வரி முறையில். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்து, வட்டியையும் கழித்து, வரும் நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு ஈடுகட்டலாம். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அது வருடம் 62 ஆயிரம் சேமிப்பு. புதிய வரி முறையில் வாடகையின் அளவுக்குத்தான் வட்டி கழியும். மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது புதிய முறைக்குப் போய்விட்டார்கள். தரகர்களின் பேச்சில் மட்டும் பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

வட்டியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2020 மேயில் ரெப்போ விகிதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. வீட்டுக் கடன் 6.7 சதவீதத்திலிருந்து 9-க்குப் போனால் அதே 60 லட்சத்துக்குத் தவணை மாதம் 8,500 ரூபாய் கூடும். வங்கிகள் பெரும்பாலும் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடுவதால் கடன் வாங்கியவருக்கு இது உடனே உறைப்பதில்லை.

இனி அந்த 24,000 எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வாடகையை வீட்டுக்காரர் தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். இந்தச் சாலையில் அதைத் தீர்மானிப்பது கம்பெனியின் சம்பளப் பட்டியல். கல்லூரியிலிருந்து நேராக வேலைக்கு எடுக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றிலிருந்து மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. கையில் வாங்குவது மாதம் இருபத்தைந்தாயிரத்துக்குள். ஊருக்கு அனுப்பியது, கல்விக் கடன், சாப்பாடு போக, அந்தப் பையனோ பெண்ணோ தங்குமிடத்துக்கு எட்டாயிரம் ஒதுக்க முடியும். மூன்று பேர் சேர்ந்தால் 24,000. நான்காவது ஆளைச் சேர்த்தால் அசோசியேஷன் சண்டைக்கு வரும். கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் குடும்பம் இன்னும் கூடுதலாகத் தரும். ஆனால் அவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போகிறவர்கள். போதாததற்குச் சாலை முழுக்க ‘பி.ஜி.’ விடுதிகள்: கட்டிலும் சாப்பாடும் வை-ஃபையும் ஒரே கட்டணத்தில், முன்பணமும் குறைவு. தனி ஆளாக வருகிறவர் முதலில் அங்கேதான் போகிறார்.

அலுவலகம் பக்கத்தில் இருப்பதால் குடி வருகிறார்கள். அதே காரணத்தால்தான் காலி செய்துகொண்டும் போகிறார்கள். 2020 மார்ச் கடைசியில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் சோழிங்கநல்லூர், நாவலூர் வீடுகளின் சாவிகள் திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் போய்ச் சேர்ந்தன. பலர் சாமானைக்கூட எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வண்டி பிடித்து வந்து எடுத்துப் போனார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த நிறுவனத்தின் பெரிய வளாகங்களில் ஒன்று சிறுசேரியில் இருக்கிறது. மயிலாப்பூரிலோ புரசைவாக்கத்திலோ குடியிருப்பவர்களில் வக்கீலும் உண்டு, வங்கி ஊழியரும் உண்டு, பாத்திரக் கடைக்காரரும் உண்டு. ஒரு தொழில் சரிந்தால் இன்னொன்று தாங்கும். ஓ.எம்.ஆரில் தெரு முழுக்க ஒரே தொழிலின் சம்பளத்தில் வாடகை கட்டுகிறது.

இதைவிட முக்கியமானது நிலம். நுங்கம்பாக்கத்தில், தியாகராய நகரில் புதிதாக நிலம் பிறக்காது. அங்கே வாடகைக்கு ஆள் கூடினால் வாடகை ஏறும், விலையும் ஏறும். ஓ.எம்.ஆரில் ஆள் கூடினால் பக்கத்து மனையில் இன்னொரு கோபுரம் ஏறும். சாலையிலிருந்து மேற்கே பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் வரையிலும், தெற்கே கேளம்பாக்கம் தாண்டித் திருப்போரூர் வரையிலும் மனைகள் கிடக்கின்றன. நாம் வாங்கிய வீட்டுக்கு ஆறு வயதாகும்போது, எதிரே நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் புதுப் பெயின்ட் வாசனையுமாக 400 வீடுகள் ஒரே மாதத்தில் சாவி கொடுக்கும். அவற்றில் பாதியை நம்மைப் போல வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கியிருப்பார்கள். அத்தனை பேரும் அதே மூன்று பையன்களைத் தேடுவார்கள். ஜன்னலில் தெரிந்த இரண்டு கிரேன்களின் பொருள் இதுதான்.

கட்டடம் பழசாகும், மண் பழசாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வது சரி. ஆனால் அடுக்ககத்தில் நமக்கு எவ்வளவு மண் வருகிறது? பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதியிருக்கும், தரகர் ‘யு.டி.எஸ்.’ என்பார். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு நெடுங்காலம் அது 1.5 ஆக இருந்தது. மூன்று மாடிப் பழைய ஃபிளாட்டில் 1,000 சதுர அடிக்கு 600 சதுர அடிக்கு மேல் நிலப் பங்கு கிடைப்பது அதனால்தான். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதைச் சாதாரணக் கட்டடங்களுக்கு 2 ஆகவும் உயரமான கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் ஆக்கின. கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் ஏறும். 3.25-ல் அதே ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மண் 300 சதுர அடியை ஒட்டித்தான் வரும். ஒரே சாலை, ஒரே விலை, கைக்கு வரும் நிலம் பாதி. விலை ஏற வேண்டும் என்பதை நம்பித்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. ஏறக்கூடியது மண் மட்டும்தான். அந்த மண்தான் ஒவ்வொரு புதுக் கோபுரத்திலும் மெலிந்துகொண்டு போகிறது. வாங்குகிறவர்கள் ஓடு எந்த நாட்டு ஓடு என்று கேட்கிறார்கள். யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்பவர் குறைவு.

விற்கும் சதுர அடிக்கும் புழங்கும் சதுர அடிக்கும் உள்ள தூரம் தனிக் கதை. லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா எல்லாவற்றையும் பங்கு போட்டுச் சேர்த்த ‘சூப்பர் பில்ட்-அப்’ ஆயிரம் என்றால், சுவருக்குள் நடமாடக் கிடைப்பது 700 சொச்சம். 2016-ல் வந்த ரெரா சட்டம் உள்பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, கட்டமைப்பில் குறை தெரிந்தால் ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்பவையும் அந்தச் சட்டம் தந்தவைதான். 2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த ஊர் இது. ரெரா எண் இல்லாத திட்டத்தில் விலை எவ்வளவு குறைத்தாலும் தொட வேண்டாம்.

தண்ணீருக்கு வருகிறேன். குடிவருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றித்தான். லாரித் தண்ணீருக்கான செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். குடியிருப்பவர் வாடகையையும் பராமரிப்பையும் சேர்த்துத்தான் தன் சம்பளத்துக்குள் அடக்கிப் பார்ப்பார். பராமரிப்பு மாதம் ஆயிரம் கூடினால் வாடகையில் ஆயிரம் ஏறாமல் நிற்கும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, இந்தச் சாலையின் கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின; வீட்டில் மட்டும் தண்ணீர் எங்கே இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. நெம்மேலியில் 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் இன்னொரு 15 கோடி லிட்டர் என்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. குழாய் வந்த தெருவுக்கும் வராத தெருவுக்கும் வாடகையில் வித்தியாசம் இருக்கிறது. வீடு பார்க்கும்போது குழாய் இணைப்பின் கட்டண அட்டையைக் காட்டச் சொல்லலாம். ‘சீக்கிரம் வந்துரும்’ என்ற பேச்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வெயிலில் இல்லாத தண்ணீர் டிசம்பரில் வீட்டுக்குள் வரும். தென்சென்னையின் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். ஓ.எம்.ஆர். அந்த ஓட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, துரைப்பாக்கம் பகுதிகளில் படகில் ஆட்களை ஏற்றியது இதனால்தான். சதுப்பு நிலத்தின் 1,247 எக்டேர் 2022-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்தத் தளத்திலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் தூரத்திலும் புதிய கட்டுமான அனுமதி தருவதை நிறுத்திவைக்கச் சொன்னது. ‘சதுப்பு நிலம் பார்த்த பால்கனி’ என்று விளம்பரத்தில் போட்டு விற்றவர்கள் அந்த வாரம் அந்த வரியை எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரைச் சொல்லாமல் இந்தச் சாலையைப் பற்றிப் பேச முடியாது. நகரத்தின் நதிக்கரைகளிலும் தெருவோரங்களிலும் இருந்தவர்களை 2000 முதல் கொண்டுவந்து குடிவைத்த இடம். இந்த அடுக்ககங்களில் பாத்திரம் தேய்க்கவும் காவல் காக்கவும் வருகிறவர்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். முதலீட்டுக் கணக்கில் அவர்களுக்குக் கட்டம் கிடையாது.

வாடகைச் சட்டம் மாறியிருப்பதும் வீட்டுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. 1960-ம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதி மேசைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இனி வேலை இல்லை. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத தாளை வைத்துக்கொண்டு காலி செய்யச் சொல்லி வழக்காடுவது சிரமம். முன்பணம் மூன்று மாத வாடகை என்கிறது சட்டம். கூடவே, வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்றும் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் அந்தச் சந்தில் நுழைந்து இன்னும் அங்கங்கே வாழ்கிறது. ஓ.எம்.ஆரில் மட்டும் போட்டி காரணமாக அது தானாகவே குறைந்துவிட்டது. சட்டத்தால் முடியாததைக் காலி வீடுகள் செய்தன.

‘பேச்சிலருக்கு இல்லை’, ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனைகளை மாம்பலத்தில் வைத்துச் சமாளிக்கலாம். இங்கே வைத்தால் நம் வாடகைக்காரரில் பெரும்பகுதியை நாமே வாசலில் நிறுத்துகிறோம். சில அடுக்ககங்களில் வீட்டுக்காரர் சம்மதித்தாலும் அசோசியேஷன் விடுவதில்லை. வாங்கும் முன் அந்தத் தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மெட்ரோ வரப்போகிறதே என்று சித்தப்பா கேட்டார். வருகிறது. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தடம் இந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. மாதவரம் – சோழிங்கநல்லூர் தடமும் இங்கேதான் வந்து முடிகிறது. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ரயில் ஓடினால் ஓ.எம்.ஆர். வீட்டின் விலை ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏறலாம். ஆனால் ரயில் இரண்டு பக்கமும் ஓடும். இன்று நெரிசலுக்குப் பயந்து சோழிங்கநல்லூரிலேயே குடியிருப்பவர், நாளை மந்தைவெளியிலோ அடையாறிலோ அம்மா வீட்டிலிருந்தே ஏறி உட்கார்ந்து வந்துவிடுவார். அலுவலகத்துக்குப் பக்கம் என்பதுதான் நாம் விற்கும் ஒரே சரக்கு என்றால், தூரத்தைக் குறைக்கும் ரயில் நமக்கும் போட்டிக் கடைதான். நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீடு இதில் தப்பும். ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போக வேண்டிய வீடு தப்பாது.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் சொந்தக்காரருக்கு என்ன கிடைக்கிறது என்றும் பார்த்தேன். நல்ல அலுவலகக் கட்டடங்களின் வாடகை வருமானம், போட்ட பணத்தின் சதவீதமாகப் பார்த்தால், வீட்டு வாடகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கட்டடங்களைத் தொகுத்துப் பங்குகளாக விற்கும் ‘ரீட்’ என்ற ஏற்பாடு இந்தியாவில் 2019-ல் தொடங்கியது. முதலில் சந்தைக்கு வந்த எம்பசி ரீட், 2024-ல் பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையில் ஒரு வளாகத்தை வாங்கியது. பகிர்ந்தளிக்கக்கூடிய வருவாயில் 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது செபியின் விதி. பங்குச் சந்தை போலவே விலை ஏறும், இறங்கும். கடன் வாங்கிப் போடத் தக்கதும் அல்ல. ஆனாலும் ஐ.டி. சாலையின் வாடகையில் பங்கு வேண்டும் என்பவர் வீடுதான் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சித்தப்பா இதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. “கையால தொட்டுப் பாக்க முடியாததுக்கு நான் பணம் போட மாட்டேன்” என்றார்.

தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் என் தீர்ப்பு இது. கடனுக்கு வாங்கி வாடகையில் அடைக்கலாம் என்ற எண்ணத்தோடு ஓ.எம்.ஆர். கோபுரத்தில் புது வீடு வாங்குவது இன்றைய விலையிலும் வட்டியிலும் நஷ்டம். மொத்தப் பணமும் கையில் இருப்பவர், நிலப் பங்கு ஐம்பது சதவீதத்துக்குக் குறையாத, குழாய்த் தண்ணீர் உள்ள, மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் பழைய மூன்று மாடி வீட்டைப் பார்க்கலாம். திருவான்மியூர், இந்திரா நகர், பெருங்குடியின் வடக்குப் பகுதி போன்ற இடங்களில் அவை உண்டு. ஐ.டி.க்காரர் போனாலும் வேறு தொழில்காரர் வந்து குடியேறும் இடங்கள் அவை. வாடகை அங்கேயும் மூன்று சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும். மண் மட்டும் கூடுதலாகக் கைக்கு வரும்.

சித்தப்பா இன்னும் எதையும் வாங்கவில்லை. வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டை ஜனவரியில் பார்க்காதீர்கள். மே மாதத்தில் ஒருமுறையும், டிசம்பரில் பெரிய மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. பணி நிறைவுச் சான்றிதழ் இவற்றோடு அசோசியேஷன் செயலாளரிடம் கடந்த கோடையின் தண்ணீர் லாரி ரசீதுகளையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.